டெல்பரியின் ஒரே நோட்டு

ஆர்லோ கிம்பிளைப் பற்றி டெல்பரி ஊரில் சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அதையும் பிறர் சொல்லும்வரை அவர் காத்திருப்பதில்லை. டெல்பரி ஃபார்மர்ஸ் நேஷனல் பேங்க் வெளியிட்ட நோட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. பத்து டாலர் நோட்டு. அது அவரிடம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அரசாங்கம் நோட்டை அச்சடித்து அனுப்பிவிடும். நடுவில் ஊர் பேங்கின் பேர் இருக்கும். பேங்க் தலைவர் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் அது பணம். இப்படித்தான் யாரும் இறங்காத ரயில் நிலையங்களின் பேரெல்லாம் அமெரிக்கப் பணத்தில் ஏறின. ஓஹையோவின் சோளக்காட்டுக்கு நடுவே கிடந்த டெல்பரியும் ஏறியது. பேங்க் 1906இல் திறந்தது, மூன்று வருஷத்தில் மூடிக்கொண்டது. தலைவர் ஒருநாள் பல் டாக்டரின் மனைவியையும் பேங்கின் கூட்டல் மெஷினையும் அழைத்துக்கொண்டு சிகாகோ பக்கம் போனார். போனவர் போனவர்தான். ஆர்லோ தமது சொற்பொழிவுகளில் அவரைத் தொலைநோக்குள்ள பெருமகனார் என்று குறிப்பிடுவார்.

நோட்டின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மூலையைக் காணோம். நடு மடிப்பில் வெளிச்சம் தெரியும். தலைவரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் கறை. யாரோ புகையிலைச் சாற்றைத் துப்பியிருக்கிறார்கள் என்பது கண்ணுள்ள எவருக்கும் புரியும். ஆர்லோ அதைக் 'காலம் இட்ட முத்திரை' என்பார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏலத்தில் எடுத்தது. அதற்காக அவருடைய படகு விலைக்குப் போயிற்று, படகோடு மிச்சிகன் ஏரிக்கரை விடுமுறையும் போயிற்று. அவர் மனைவி லூஆன் அந்த ஏரியை இன்றுவரை காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள்.

ரோட்டரி மதிய விருந்து, மெதடிஸ்ட் சர்ச்சின் ஆண்கள் காலைச் சிற்றுண்டி, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் என்று ஆர்லோ பேசாத இடமில்லை. எழுபத்து மூன்று வயதில் அந்தப் பேச்சு அவருக்கே அலுத்துவிட்டது. வாய் பேசிக்கொண்டிருக்கும்போது மனசு வீட்டுக் கொதிகலனில் சத்தம் கேட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். ஆனால் விடவும் முடியவில்லை. அந்த ஒரு நோட்டை எடுத்துவிட்டால் மிச்சம் யார்? ஊர் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்த்து ரிட்டயர் ஆன ஒரு ஆள். அப்படி அந்தத் தெருவிலேயே இன்னொருவர் இருக்கிறார்.

இப்படிப் பழைய நோட்டு சேர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம். எந்த ஊர் பேங்கின் நோட்டு எத்தனை உயிரோடிருக்கிறது என்று ஒருவர் கணக்கு வைத்திருப்பார். அவர் நெப்ராஸ்காவில் இருக்கும் டெல்மர் ஃபிட்ச். எங்காவது ஒன்று புதிதாகத் தலைகாட்டினால் அவருக்குச் சொல்ல வேண்டும், எண்ணிக்கை ஏறும். ஐந்தாறு இருக்கிற ஊர்க்காரன் ஒன்று ஏறினால் மகிழ்ந்துபோவான். ஒன்றே ஒன்று வைத்திருப்பவன் தபால்காரரைக் கண்டாலே திடுக்கிடுவான்.

பிப்ரவரியில் ஒரு மதியம், பனி சேறாகிக் கிடந்த நேரத்தில், ரோண்டா வந்து கதவைத் தட்டினாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் முடி வெட்டுகிறவள். கையில் சாண்ட்விச் போடுகிற பிளாஸ்டிக் பை.

"மிஸ்டர் கிம்பிள், எங்க மர்ல் மாமா வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கேன். சுவத்துல இருந்த ஏசு படத்தைக் கழட்டினா, ஃபிரேம் ஆடாம இருக்க இதை மடிக்காம பின்னாடி சொருகி வெச்சிருக்கார் அந்த மனுஷன். பழைய காகிதம்னா நீங்கதானே."

பழைய காகிதம் என்ற சொல்லுக்கு ஆர்லோ முகம் சுளிக்க ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பையைப் பார்த்துவிட்டார்.

டெல்பரி ஃபார்மர்ஸ் நேஷனல் பேங்க். பத்து டாலர். நான்கு மூலைகளும் இருந்தன. சிவப்பு முத்திரை நேற்றுக் குத்தியது போல் இருந்தது. அடியில் தலைவரின் கையெழுத்து. முப்பது வருஷமாக அதை 'கம்பீரமான கையெழுத்து' என்று அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்; பார்ப்பது இதுதான் முதல் தடவை. கோழி சீய்த்த மாதிரி இருந்தது.

சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்தார். 

"என்ன, நல்லதா?" என்றாள் ரோண்டா.

"சுமார்தான்."

"சுமாரா? பளபளன்னு இருக்கே!"

"அதான் சொல்றேன். ரொம்பச் சுத்தமா இருந்தா ஆளுங்க யோசிப்பாங்க. அப்புறம், இந்த மாதிரி அடிக்கடி வரும்."

"எங்க வரும்?"

"அங்கங்க வரும்."

ரோண்டா ஃபோனை எடுத்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். "இது நம்ம லைப்ரரி இன்டர்நெட்டுல போட்டிருக்கறது. 'மனித குலத்தின் கைகளில் எஞ்சியுள்ள ஒரே டெல்பரி நோட்டு. இதற்கு விலை கூறுவதே இதை அவமதிப்பதாகும்.' யார் எழுதினதுன்னு போட்டிருக்கு தெரியுமா?"

அடுப்படியிலிருந்து லூஆன் திரும்பாமலே சொன்னாள்: "தெரியாம என்ன? ஒரு குளிர்காலம் பூரா எழுதினது. மனித குலம் வேணாம், ஆர்லோ, ஓஹையோ போதும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

ஆர்லோ தொண்டையைச் செருமினார். "ரோண்டா, நானே இதை வாங்கிக்கறேன். நியாயமா ஒரு விலை பேசுவோம்."

"விலை சொன்னா அவமதிப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"அது வேற நோட்டு."

"அது கிழிஞ்சது. இது கிழியாதது. அப்ப இதுக்கு இன்னும் அவமதிப்பு ஜாஸ்தியில்ல?"

லூஆன் சிரித்தாள். அந்தச் சமையலறையில் அவள் சிரித்துப் பல நாளாயிற்று.

"தப்பா நினைக்காதீங்க மிஸ்டர் கிம்பிள், ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ரோண்டா. "உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே. இது எதுக்கு உங்களுக்கு?"

பதில் அவருக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது. வாங்கி, ஒருவர் கண்ணிலும் படாமல் லாக்கரில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அதற்குத்தான். ஒரு கணம் அவர் பார்வை லூஆனின் அடுப்பு நெருப்பின் மீதுகூட ஓடியது. ஓடி, வெட்கப்பட்டுத் திரும்பியது. லாக்கரில் போட்டாலும் தீர்ந்ததா? ரோண்டாவின் வாயை அடைக்க வேண்டும். கத்தரிக்கோலைப் பிடித்தால் திறக்கிற வாய் அது. டெல்மருக்கு மறைக்க வேண்டும். மேடையில் 'ஒரே' என்று சொல்லும்போதெல்லாம் முகம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தான் செத்தபிறகு லூஆன் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று இப்போதிருந்தே கவலைப்பட வேண்டும். நாற்பது வயதாக இருந்தால் செய்திருப்பார். இந்த முதுகு வலியோடு ஒரு பொய்யையும் கட்டி மேய்ப்பதென்றால், நினைக்கும்போதே மூச்சு வாங்கியது.

"ஆர்லோ" என்றாள் லூஆன், மெதுவாக. "டெல்மருக்கு ஃபோன் போடு."

போட்டார். டெல்மருக்குக் காது மந்தம். அதனால் எல்லோருக்கும் காது மந்தம் என்ற எண்ணத்தில் கத்துவார். சமையலறை முழுக்கக் கேட்டது.

"டெல்மர், இன்னொரு டெல்பரி நோட்டு வந்திருக்கு. என் கண்ணு முன்னாடி இருக்கு. கணக்கை ரெண்டு ஆக்கிடு."

அந்தப் பக்கம் டெல்மர் ஏதோ காகிதத்தைப் புரட்டினார். பிறகு, "நீ உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன்."

"ரெண்டு இல்லப்பா. மூணு."

"மூணா?"

"டல்சாவுல ஒருத்தர் பதினோரு வருஷமா வெச்சிருக்கார்" என்று கத்தினார் டெல்மர். "நோட்டு சேக்கறவங்க மாநாட்டுல நீ பேசினே பாரு, அன்னைக்கு முன் வரிசையில உக்காந்திருந்தார். நோட்டு சட்டைப் பையில. உன் பேச்சு முடிஞ்சதும் எழுந்து எல்லார் முன்னாடியும் காட்டறதாத்தான் வந்தார். நீ கண்ணெல்லாம் கலங்கி நின்னியா, அவருக்கு மனசு வரலை. 'பாவம், பெரியவர். அவர் காலம் முடியட்டும், அப்புறம் கணக்குல ஏத்திக்கலாம்'னு சொல்லிட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டுல உன் உடம்பு எப்படி இருக்குன்னு தவறாம கேப்பார்."

"நீ என்ன எழுதுவே?"

"நல்லா இருக்கார்னு எழுதுவேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருக்கும்."

ரோண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். லூஆன் பொத்திக்கொள்ளவில்லை.

"அவரோடது எப்படி இருக்கு?" என்று கேட்டார் ஆர்லோ.

"உன்னோடதைப் பாத்தவனுக்கு எதைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும், ஆர்லோ."

பதினோரு வருஷம். எத்தனை மதிய விருந்து, எத்தனை காலைச் சிற்றுண்டி! இடி விழுந்தது போல் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஒன்றும் விழவில்லை. மீட்டர் பார்க்கிற தெருவெல்லாம் நடந்து முடித்து, கடைசி வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்த மாதிரி இருந்தது.

"மூணுன்னு போட்டுடு. டல்சாக்காரர்கிட்ட, நான் சாகறவரைக்கும் காத்திருக்க வேணாம்னு சொல்லு."

"யோசிச்சுக்கோ. கணக்குல ஏறினா இறங்காது."

"ஏத்திடு, டெல்மர். எனக்கு முடியலை."

ஃபோனை வைத்தார். லூஆன் காப்பியை ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினாள். ரோண்டா பிளாஸ்டிக் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். வரும்போது இருந்த ரோண்டா இல்லை அவள். முதுகு நிமிர்ந்திருந்தது.

"ஆக, மூணுல ஒண்ணு என்னோடது."

"ஆமா."

"ஆனா மூணுல பெஸ்ட் இதுதானே?"

"டல்சாவுல இருக்கறதைப் பாக்காம எப்படிச் சொல்ல முடியும்?"

"நீங்க எல்லாத்தையும் பாத்துட்டா 'ஒரே'ன்னு சொன்னீங்க?"

ஆர்லோ காப்பியை எடுத்துக் குடித்தார்.

"மர்ல் மாமா சாதாரண ஆள் இல்லை" என்றாள் ரோண்டா. குரல் கொஞ்சம் கனத்திருந்தது. "வேணும்னுதான் ஏசு கிட்ட ஒப்படைச்சிருக்கார், இந்த ஊரோட சரித்திரம் அழிஞ்சுடக் கூடாதுன்னு. எனக்கு இப்பதான் புரியுது." ஃபிரேம் ஆடியது அதற்குள் அவளுக்கு மறந்துபோயிருந்தது. "லைப்ரரில போடணும் மிஸ்டர் கிம்பிள். நீங்களே ஒரு நாலு வரி எழுதிக் குடுங்களேன். 'உலகத்திலேயே தலைசிறந்த'ன்னு ஆரம்பிச்சு. உங்களுக்குத்தான் அதெல்லாம் வரும்."

மேஜை மேல் மளிகைச் சீட்டு எழுதுகிற பேனா கிடந்தது. ஆர்லோவின் கை தன்னால் அதன் பக்கம் போனது. எடுத்தது. ஒரு கணம் பிடித்திருந்தது. பிறகு அதை ரோண்டாவிடம் நீட்டிவிட்டு, மேஜையை ஊன்றி எழுந்தார்.

"நீயே எழுதும்மா" என்றார். "நான் கொஞ்சம் படுக்கறேன்."