கரண்டிக்குத் தப்பிய கை

அக்கா,

முதலில் அம்மாவை அழுகையை நிறுத்தச் சொல். தம்பி உயிரோடுதான் இருக்கிறான். என் கையெழுத்தில் கடிதம் வந்தாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும் என்று தெரியும். படையில் சேர்ந்த நாளிலிருந்து இருவருக்கும் சேர்த்து அவன்தானே எழுதினான்? கடைசியில் "அண்ணனும் நலம்" என்று ஒரு வரி போட்டு என் கடமையையும் முடித்துவிடுவான்.

இப்போது அவனால் எழுத முடியாது. பாலத்தருகே குண்டு விழுந்ததில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். வாயில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை, நம் தலையெழுத்து.

ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கியிருக்கிறார்கள். அவன் கட்டில் கரும்பலகைக்கு நேர் கீழே. படித்த காலத்தில் கடைசி பெஞ்சைத் தாண்டாதவனுக்கு இப்போதுதான் முன்வரிசை யோகம். மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். நம் தம்பித் துரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வீட்டுக்கு எழுதாதேண்ணா. நான் அங்க வரமாட்டேன். கையில்லாத தையல்காரனை வச்சுக்கிட்டு அம்மா என்ன பண்ணும்? நம்ம கடையில பட்டனுக்குக் காஜா எடுக்கக்கூட ஆகமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வம்புக்கு இழுப்பேன் என்று உனக்குத் தெரியாதா? ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத உரக்கப் படித்தேன்.

"'ஊசி போட வந்த நர்சைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான்.'"

"பொய்! நான் எங்க ஒளிஞ்சேன்?" முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"'ஆஸ்பத்திரிச் சாப்பாடு அம்மா சமையலைவிட ருசியாம்.'"

"அடப்பாவி! நான் வீட்டு வாசப்படி ஏற வேணாமா? அந்த வரியை அடி."

"வரமாட்டேன்னவனுக்கு வாசப்படி எதுக்கு?"

முறைத்தான்.

"நான் அடிக்க மாட்டேன். வேணும்னா நீயே அடிச்சுக்க."

எழுந்து உட்கார்ந்தான், பென்சிலைப் பிடுங்கினான், ஒரே இழுப்பில் அடித்தான். துணியில் சாக்பீஸால் இழுப்பானே, அதே நேர்கோடு. இழுத்தது இடது கை.

அக்கா, அவன் பிறவியிலேயே இடது கைக்காரன், மறந்துவிட்டாயா? சாப்பாட்டில் அந்தக் கையை வைத்தால் போதும், நீ கோள் மூட்டுவாய், அம்மா கரண்டிக் காம்பால் ஒன்று போடும். "பீச்சாங்கையை எடுத்தே, ஒடிச்சிடுவேன்!" அடிக்குப் பயந்துதான் வலது கைக்கு மாறினான். கடைக் கத்திரியும் வலது கைக்கே செய்தது, அப்படியே பழகிவிட்டான்.

தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது இன்னும் எதையும் மறக்கலண்ணா," என்றான். பிறகு குழந்தை மாதிரி அழுதான். நானும்தான் அழுதேன், இதை ஊரெல்லாம் பரப்பாதே.

இடது கைக்காரர்களுக்கென்றே கத்திரி வருகிறதாம், பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார். நீ சும்மாதானே இருக்கிறாய், கடைகடையாக ஏறி விசாரித்து வை. இவன் வேறு இந்தத் தாளை இழுத்துக்கொண்டே இருக்கிறான். மீதியை அவனே எழுதட்டும். கோணல்மாணலாக இருந்தாலும் என் எழுத்துக்கு எவ்வளவோ தேவலாம்.

அம்மா, நான்தான். சாப்பாட்டு விஷயம் அண்ணன் கட்டின கதை, நம்பாதே. நீ அடிச்சு அடக்கி வச்ச கைதான் இதை எழுதுது. நல்லவேளை, நீ நிஜமா ஒடிக்கல. டாக்டர் விட்டதும் கிளம்பி வர்றேன். இனிமே இந்தக் கையாலதான் சாப்பிடுவேன், கரண்டியை எடுக்காதே.