நாகலெட்சுமியின் கட்டை விளையாட்டு

என் மச்சான் கூத்தையா கிணற்றுக்குள் இறந்தது 2002 வைகாசியில். என் மனைவி நாகலெட்சுமியின் கூடப் பிறந்த அண்ணன். கமுதிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கிருந்து இரண்டு மைலில் அவர் ஊர். கிணற்றுக்குள் மேடை கட்டி வைத்திருந்த ஆயில் இன்ஜின் மக்கர் பண்ணுகிறதென்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். இன்ஜின் கக்கிய புகை வெளியே போகாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. அண்ணனைப் பார்த்துவரப் போயிருந்த நாகுதான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் போட்ட கூப்பாட்டில் ஆட்கள் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாகு அழவே இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. ஏனம் விளக்கிக்கொண்டிருப்பாள், பாதியில் கை நின்றுவிடும். கண் எங்கேயோ கிடக்கும். தோளைத் தொட்டால் தூக்கிப்போட்டது போலத் துள்ளுவாள்.

"என்ன புள்ள?"

"அது வருதுங்க."

"எது?"

"படம் மாதிரி. கண்ண மூடுனாலும் வருது, தொறந்தாலும் வருது."

என்ன படமென்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். எனக்கும் துருவிக் கேட்கத் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கடலில் முங்கி எழுந்தால் மனசு லேசாகும் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு அவளை ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். முங்கினாள், தீர்த்தமாடினாள், சாமி கும்பிட்டாள். முகம் மட்டும் போகும்போது இருந்தபடியேதான் இருந்தது.

பஸ் ஏறுமுன் அகமது கபீர் என்று பெயர் எழுதியிருந்த ஒரு சங்குக் கடையில் என் தங்கச்சி மகனுக்கென்று ஒரு வீடியோ கேம் வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில், பேட்டரி போட்டு ஆடுகிற சாமான். மேலேயிருந்து கட்டை கட்டையாக விழும். பட்டனை அமுக்கித் திருப்பி, சந்து விடாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். கடைக்காரர் ஆடிக் காட்டியபோது நாகு கவனித்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லாரும் கடலைப் பார்க்க ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நாகு பையிலிருந்து அந்தச் சாமானை எடுத்தாள். ஆட ஆரம்பித்தவள் ராமநாதபுரம் வரும்வரை தலை நிமிரவில்லை. பஸ் நின்றதும் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இம்புட்டு நேரம் அது வரலைங்க."

தங்கச்சி மகனுக்கு வேறு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு வீட்டில் எந்நேரமும் அதுதான். அடுப்பில் உலை கொதிக்கையில், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு உட்கார்கையில், கையில் அந்தச் சாமான் டிக் டிக்கென்று சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். சோறு நாலு வாய் கூடுதலாக இறங்கியது. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் முப்பத்தி நாலு வயசுப் பொம்பளை, அண்ணன் செத்துத் துட்டி நடந்த குடும்பத்துக்காரி, சின்னப் பிள்ளை மாதிரி பட்டனை அமுக்கிக்கொண்டு இருந்தால் ஊர் என்ன சொல்லும்? சொல்லத்தான் செய்தார்கள். எனக்குத் தலை இறக்கமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கூத்தையாவின் மனைவி ராமலெட்சுமி வந்தார். தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரு தாளில் சாட்சிக் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் வாசலில் நிற்பது நாகுவுக்குத் தெரியவில்லை. கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி வந்துருக்காகடி" என்று நான் குரல் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

ராமலெட்சுமி அந்தச் சாமானையே பார்த்தார். "எங்க வீட்டு ஆளு போயி நாப்பது நாளு ஆகல. இங்கன வெளையாட்டு நடக்குதா? நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் திரும்பி நடந்தார்.

அன்றைக்கே அதை எடுத்து மிளகாய் விதைப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். நாகு தேடவில்லை, கேட்கவில்லை. ஆனால் மறுநாள் சோற்றை வடிக்கையில் கை நின்றுபோய், கொதிகஞ்சி காலில் கொட்டிவிட்டது. வலி தெரியாதவள் மாதிரி நின்றாள். நான்தான் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். விதைப் பானைக்குள் கைவிட்டு அந்தச் சாமானை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"தெரியும்" என்றாள். "எடுத்தா உங்களுக்கு அசிங்கம்னு விட்டுட்டேன்."

அதற்கு மேல் நான் யாருக்கும் பயப்படவில்லை. ராமநாதபுரத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போனேன். ஆனாலும் ஊரில் கேட்டவர்களிடம் கால் புண்ணுக்கு என்றுதான் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டரம்மா அந்த விளையாட்டுச் சாமானைக் கேட்டு வாங்கினார். இரண்டு தடவை ஆடி இரண்டு தடவையும் சீக்கிரமே தோற்றார். நாகுவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"இத ஆடுறது நல்லதா கெட்டதாம்மா?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அவர் என்னிடம் பேசாமல் நாகுவைப் பார்த்தார். "ஆடாத நேரத்துல என்ன செய்றீங்க?"

நாகு அவர் கையிலிருந்த சாமானைப் பார்த்தாள். "அடுத்து எப்ப ஆடலாம்னு இருப்பேன்."

"யாராச்சும் பேசுனா?"

"காதுல விழுகாது."

டாக்டரம்மா சாமானைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லதுதான்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலம்மா. அந்தப் படம் நிக்குதுன்னா ஆடுங்க, தப்பே இல்ல. ஆனா நீங்க பாத்தத ஒருதடவையாவது யார்கிட்டயாவது முழுசாச் சொல்லணும். இதுகிட்ட அதச் சொல்ல முடியாதுல்ல?"

தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மாதம் ஒருமுறை வரச் சொன்னார்.

பஸ்ஸில் நாகு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பரமக்குடி தாண்டியதும், "மதினிகிட்டச் சொல்றேன்" என்றாள். என்னிடம் சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் இருவரும் போனோம். ராமலெட்சுமி வேண்டாவெறுப்பாகத்தான் பாயை விரித்தார். நாகு உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல.

"மேல ஏறிப்புட்டாரு மதினி, பாதி ஏறிப்புட்டாரு. தல சுத்துது தாயி, இழு இழுன்னாரு. இழுத்தேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. கயிறு கைய விட்டுப்போச்சு. அண்ணாந்து பாத்தபடிக்கே போயிட்டாரு. அந்த மூஞ்சிதான் மதினி. அதுதான் வந்துக்கிட்டே இருக்கு."

ராமலெட்சுமி நாகுவுக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

பொய் சொல்லிவிடேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். நாகு சொல்லவில்லை.

"இல்ல மதினி. இறங்குனதுலருந்து இன்ஜினத்தான் வைஞ்சுக்கிட்டு இருந்தாரு."

ராமலெட்சுமிக்குச் சிரிப்பு வெடித்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. "அவுகதான். அப்பிடியே அவுகதான்."

"இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா..." என்று நாகு ஆரம்பித்தாள்.

ராமலெட்சுமி அவள் இரண்டு கையையும் பிடித்து விரித்தார். உள்ளங்கை நெடுக்க, கயிறு உரசித் தோல் வழண்ட தழும்பு. பானை சுட்டுவிட்டதென்று என்னிடம் சொல்லியிருந்தாள், நானும் நம்பியிருந்தேன்.

"தோலு உரியிற மட்டும் பிடிச்சிருக்க. இதுக்கு மேல எப்பிடிடி பிடிப்ப?"

அப்போதுதான் நாகு அழுதாள். கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் எழுந்து வெளியே போய் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டேன். மச்சான் வீட்டு மாட்டுக்கு அன்று வயிறு முட்டத் தீனி.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அந்தப் படம் அப்புறமும் வந்தது. வந்தால் இன்ன நேரம் வந்தது என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். விளையாட்டையும் விடவில்லை. சாயங்காலம் அரைமணி ஆடுவாள், கூப்பிட்டால் நிமிர்வாள். ராமலெட்சுமிக்கும் தூக்கமில்லை என்று ஒருதடவை அதைக் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது. "இந்த டிக் டிக்குல எனக்குத் தலைவலிதான் வருது. நான் சும்மா உக்காந்து அழுதுக்கிறேன், விடு" என்றாராம்.

ஐப்பசி மழைக்கு இரண்டு வீட்டு நிலத்திலும் சேர்த்து மிளகாய் போட்டோம். தை மாதம் ஒருநாள் வரப்பில் வந்துகொண்டிருந்தேன். செடிக்கு நடுவில் இரண்டு பொம்பளைகளும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இலை சுருட்டைக்கு இந்த மருந்தை அடிக்கக் கூடாதென்று நாகு கத்துகிறாள். உனக்கு என்ன தெரியுமென்று மதினி கத்துகிறார். நாலு நிலம் தள்ளிக் கேட்கிற குரல். நடுவில் போனால் இரண்டு பேரும் என்மேல் பாய்வார்கள் என்று தெரியும். வரப்பிலேயே குத்தவைத்து, அவர்கள் ஓயட்டுமென்று ஒரு பீடியைப் பற்றவைத்தேன்.