நிற்கிற கோவாவுக்கு மானியம்

பேச்சியம்மாவின் முட்டைக்கோவாக்கள் பத்து நாளாக ஓர் உத்தியோகத்தருக்காகக் காத்து நின்றன.

உர மானியம் கேட்டவரின் பயிரை அதிகாரி நேரில் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். அதுவரை பயிர் மண்ணில் நிற்க வேண்டும். விதி அப்படி. விதியை எழுதியவர் கோவாவைச் சோற்றுக் கோப்பையில் மட்டுமே சந்தித்தவர் போலும். முற்றிய கோவா யாருக்காகவும் பொறுத்திருக்காது. ஒருநாள் நடுமண்டை பிளந்துவிடும்.

பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே தேயிலைகூட வேண்டாமென்று ஒதுங்கிய கல்லுச் சரிவை இரண்டு வருடம் கொத்தி அவள் உண்டாக்கிய தோட்டம் அது. மானியம் கிடைத்தால் அடுத்த நடுகைக்கு உரம் உண்டு. கிடைக்காவிட்டால் சரிவில் மறுபடியும் புல்தான்.

திங்கட்கிழமை லொறியோடு வந்த மரக்கறி வியாபாரி பாவா, ஒரு கோவாவைத் தட்டிப் பார்த்தார்.

“பேச்சியக்கா, இப்ப வெட்டினா நல்ல வெல தாறேன். ரெண்டு நாள் போனா வெடிச்சிடும். வெடிச்சதக் கொண்டுபோய் விக்க நான் என்ன பட்டாசுக் கடையா வெச்சிருக்கேன்?”

“ஆபீசர் பாக்கணுமாம் மொதலாளி.”

“அவரு கோவா பாத்ததே இல்லையா?”

“ஏங் கோவாவப் பாத்ததில்லையாம்.”

பாவா தலையில் அடித்துக்கொண்டு போனார். செவ்வாயன்று நாலு வெடித்தன. புதனன்று எண்ண மனம் வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். ஜீப்புக்கு டீசல் இல்லையாம். மறுநாள் எடுத்தாள். டீசல் இருக்கிறதாம், டிரைவர் லீவாம்.

டீசலும் டிரைவரும் ஒன்றுகூடிய சுபமுகூர்த்தம் வெள்ளிக்கிழமைதான் அமைந்தது. ஜீப்பிலிருந்து பைலோடு இறங்கியவர் நிரஞ்சன், மானிய உத்தியோகத்தர். யாரும் கூப்பிடாமலே தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரும் வந்து சேர்ந்தார்.

“அருமையான விளைச்சல்” என்றார் நிரஞ்சன், வெடித்தவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தபடி. “தேசிய உணவு உற்பத்தியில் மலையகப் பெண்களின் பங்களிப்பானது...” பனிமூட்டம் மூக்குக்கண்ணாடியை மறைத்ததால் பங்களிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “காணி யாரு பேர்ல?”

“தோட்டத்துக் காணிங்க சேர்.”

“உங்க பேர்ல உறுதிப் பத்திரம் ஒண்ணும் இல்லையா?”

“இருந்தா நான் ஏங்க லயத்துல கெடக்கேன்?”

நிரஞ்சன் பைலைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “பரவாயில்ல, வழி இருக்கு. மானியம் காணிக்காரருக்குத்தான். தோட்டத்துப் பேர்ல போட்டுடலாம்.”

“தொரைக்கா?”

“நிர்வாகத்துக்கு” என்று கிளாக்கர் பணிவாகத் திருத்திவிட்டு, பேனாவை நீட்டினார். “நீ சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடு. பயிரு நின்னதக் கண்ணால பாத்தேன்னு.”

பேச்சியம்மா பேனாவை வாங்கவில்லை.

“தொரை என்னைக்குங்க மம்பட்டி புடிச்சாரு?”

“மம்பட்டிக்குப் படிவத்துல எடமில்லையேம்மா.” நிரஞ்சன் மெய்யாகவே வருந்தினார். வருந்தியபடியே போனைத் தூக்கிப் பிடித்தார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல பயிர் மட்டும் விழணும்.”

அவள் தள்ளிப் போனாள். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, முதல் வரிசையில் குனிந்தாள். சதக்.

“என்னம்மா செய்றீங்க! இன்னும் படம் எடுக்கல!”

“எடுங்க சேர்.” சதக்.

“பயிர் மண்ணுல நிக்கணும்மா!”

“பதினாலு நாளா நின்னுச்சுங்க.”

கிளாக்கர் தடுக்கப் பாய்ந்தார். கத்தியைக் கண்டதும் மரியாதையான தூரத்தில் நின்று, “தொரைகிட்ட சொல்லுவேன்!” என்று கூச்சல் போட்டார். வெடித்தது, வெடிக்காதது என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. உரம் இனி இல்லை என்பது ஒவ்வொரு வெட்டிலும் தெரிந்தது. கை நிற்கவில்லை.

நிரஞ்சன் கடைசி வரிசைக்கு ஓடினார். மிஞ்சிய இரண்டு கோவாவுக்கு முன்னால் இரு கையையும் விரித்து நின்றார்.

“இந்த ரெண்டையாவது விடுங்கம்மா. நான் பைல முடிக்கணும்.”

“தள்ளுங்க சேர். கால்ல பட்டுரும்.”

அவர் நகர்ந்தார்.