மூணு சிலிண்டர்

கம்பெனி மருத்துவ அறைக்கு வெளியே பெஞ்சில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். நாடிக்காரர் ஏழாவது ஆள். ஓடுகிற இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தே பழுது சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். பிறகு பெட்ரோல் விலை ஏறியது. ஆயிரத்து இருநூறு சிசியைத் தாண்டினால் வரி இரண்டு மடங்கு என்று சர்க்கார் சட்டமும் போட்டது. கம்பெனி ஒரு சிலிண்டரைக் குறைத்து மூன்றோடு நிறுத்திக்கொண்டது. பெட்ரோல் மலிவாகக் கிடைக்கிற அக்கரை நாட்டுக்கு மட்டும் அதே கார் நாலு சிலிண்டரோடு கப்பலேறுகிறது. மூணு சிலிண்டர், குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறும். உதறலை அடக்க ஒரு எடைத்தண்டு உண்டு. செலவு கூடும் என்று அதை வைக்கவில்லை. வண்டி வாங்குகிறவருக்குத் தெரியாமலிருக்க இன்ஜினுக்கு அடியில் ரப்பர் கொடுத்தார்கள். சோதனை மேடையில் ரப்பர் கிடையாது. கொடுத்தால் பழுது கைக்குப் பிடிபடாதாம். அங்கே அவர் கை வைப்பது ஷிப்டுக்கு நூற்றெண்பது இன்ஜின். எட்டு வருஷம்.

போன மாதம் அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தார். மனைவி கத்திய பிறகுதான் கொப்புளத்தைப் பார்த்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவள் மாடிவீட்டம்மாவிடம் சொன்னாள். இரண்டே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

இப்போது வண்டி விடும் புகைக்கும் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. இன்ஜினை மாற்றப் போகிறார்கள், ஆளையும் குறைக்கப் போகிறார்கள். யாரைக் குறைப்பது என்பதற்குத்தான் இந்தச் சோதனை.

பக்கத்திலிருந்த மைத்துனன் காதருகே குனிந்தான். "மாமா, ஒரு இரும்புக் கவையைத் தட்டி விரல் மேல வைப்பாரு. அதிர்வு நின்னதும் சொல்லுன்னுவாரு. பத்து எண்ணிட்டுச் சொல்லிடுங்க."

"வேகமாவா, மெதுவாவா?"

"எங்கக்கா திட்டறப்ப நடுவுல மூச்சு வாங்குவாளே, அந்த வேகம்."

"அவ எங்கடா மூச்சு வாங்கறா?"

உள்ளே டாக்டர் சின்ன வயசு, மரியாதையானவர். "கண்ண மூடிக்குங்க."

டங்கென்று சத்தம். நாடிக்காரர் பத்து எண்ணினார். "நின்னுடுச்சு சார்."

"சரி."

அடுத்த விரலுக்கும் டங். பத்து. "நின்னுடுச்சு சார்."

"சரி."

மூன்றாவது சத்தத்துக்கும் எண்ணினார். "நின்னுடுச்சு சார்."

"நான் இன்னும் வைக்கவே இல்லையே."

நாடிக்காரர் கண்ணைத் திறந்தார். கவை டாக்டர் கையிலேயே இருந்தது.

"சுகர் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்பாவுக்கு?"

"கடைசி ரெண்டு வருஷம் இருந்துச்சு சார்."

டாக்டர் எழுதினார்.

"சார், அந்த இன்ஜினு..."

"எல்லாரும்தானே இன்ஜின் பக்கத்துல நிக்கறாங்க?" காகிதத்தைத் திருப்பி நீட்டினார். 'வேலையால் வந்ததா?' என்ற கட்டத்தில் 'இல்லை, பரம்பரை' என்றிருந்தது. அதற்குக் கீழே, 'பணிக்குத் தகுதியில்லை.' "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். எழுந்து கதவு வரை போனார்.

"என் பேனா?" என்றார் டாக்டர்.

"என்கிட்ட இல்லையே சார்." இடது கையால் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். குனிந்து நாற்காலிக்கு அடியிலும் தேடினார்.

டாக்டர் அவருடைய வலது கையைப் பார்த்தார். நாடிக்காரரும் பார்த்தார். மூன்று விரல்களுக்கு நடுவே, மூடி கழற்றிய பேனா அப்படியே இருந்தது.