பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஊற்று

1
இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. ஆர்லிஸ் டோர்கர்சன் வெந்நீர்க் குளத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் மிதந்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன். எங்கள் மொன்டானா ஊரில் குளம், அதற்குச் சூடான நீர் தரும் ஊற்று, விடுதி, தீனிக்கடை எல்லாம் ஒரே கம்பெனியுடையவை, கம்பெனி ஊர்க்காரர்களுடையது. எனக்கும் ஒரு பங்கு உண்டு. என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பேராசை பிடித்த மெர்ல் ஹாகன்...’

நிறுத்திவிட்டேன். கம்பெனித் தலைவர் மெர்லுக்கு ஆசையே குறைவு. விடுதிக் கூரை ஒழுகியது. மலைக்கு அப்பால் மீன் வளர்ப்பவர்கள் தங்கள் தொட்டிகளுக்குக் கதகதப்பான நீர் தேடி, ஊற்றுக்கு நல்ல விலை சொன்னார்கள். அவ்வளவுதான்.

2
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸ், விற்பனைச் செய்தியைத் தீனிக்கடைச் சுவரில் படித்துவிட்டு நேரே மெர்லின் அறைக்குள் போனாள். (கதவைத் தட்டவில்லை. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.)

“எங்கள ஒரு வார்த்த கேட்டியா மெர்ல்?”

“எதுக்கு? கம்பெனி சொத்து மொத்தத்தையும் வித்தாத்தான் பங்குதாரருங்களக் கேக்கணும். ஊத்து மதிப்புல பத்துல ஒரு பங்குகூட வராது. குளம் இருக்கு, விடுதி இருக்கு, உன் பர்கரும் இருக்கு.”

“சரி, அப்ப ஊத்த வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் வித்துடு. நான் பள்ளம் தோண்டியாவது குளிச்சிக்குவேன். ஊத்த வித்துட்டு, ஜனவரியில நீ அந்தக் குளத்துல எறங்கு பாப்போம்!”

மெர்ல் தொலைபேசியை நோக்கிக் கை நீட்டினார்.

[இங்கே அவருக்கு ஒரு சாமர்த்தியமான பதில் எழுத மூன்று நாள் முயன்றேன். எனக்கும் அகப்படவில்லை, அவருக்கும் அகப்படவில்லை.]

“வக்கீலக் கேக்கறேன், தாயே. ஆள விடு.”

3
வக்கீல் சொன்னது: மதிப்பை மட்டும் பார்த்தால் போதாது, மிஞ்சுவதை வைத்துக் கம்பெனி தன் தொழிலை நடத்த முடியுமா என்றும் பார்க்க வேண்டும். முடியாதென்றால், பங்குதாரர் சம்மதமில்லாமல் விற்கக் கூடாது.

குளக்கரையிலேயே கூட்டம் நடந்தது. பாதிப் பேர் ஈரத் துண்டோடு வந்தார்கள். வாக்கெடுப்பில் விற்பனை தோற்றது.

தோற்ற மெர்லே எழுந்தார். “குளத்துலேர்ந்து வெளிய போற தண்ணியும் கதகதப்பாத்தானே இருக்கு? அத மீன்காரங்களுக்கு வாடகைக்கு விட்டா என்ன?”

“நாம குளிச்ச தண்ணியவா?” என்றது ஒரு குரல்.

“மீனு வந்து புகார் சொல்லப்போவுதா?”

கூரை இப்போது ஒழுகுவதில்லை.

4
இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஆர்லிஸ் எந்தப் பக்கம் வாக்களித்தாள்? ‘எதிர்த்துத்தான்’ என்று எழுதினேன், அடித்தேன். அன்று அவள் கோபமெல்லாம் தன்னைக் கேட்கவில்லை என்பதில்தான். கூரையின் நிலைமையும் அவளுக்குத் தெரியும். ‘ஆதரித்து’ என்று எழுதினேன், அதையும்...

கூட்டத்துக்கு மறுநாள் காலை, தலையில் பனி விழ, ஆர்லிஸும் மெர்லும் குளத்தில் கழுத்தளவு நின்றார்கள்.

“உண்மையச் சொல்லு, ஆர்லிஸ். நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்ட?”

அவள் சிரித்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டாள், முங்கிவிட்டாள். மெர்ல் காத்திருக்கிறார். நான் கரையேறுகிறேன், அவள் மேலே வரும்போது நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.