ஜன்னல் கம்பியில் ஏறியது

வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடும் அறை ஒன்று இருந்ததால்தான் தங்கையோடு அந்த வீட்டுக்குக் குடிவந்தாள். வாய்விட்டு அதை யாரிடமும் சொல்லவில்லை. தங்கைக்கு வயது முப்பதைத் தாண்டியும் மனசு ஏழெட்டிலேயே நின்றுபோயிருந்தது. கதவு திறந்திருப்பதைக் கண்டால் போதும், கால் போன போக்கில் நடந்துவிடுவாள். போன மாதம் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் நின்றவளைப் போலீஸ்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். இனி லீவு கேட்டால் அக்காவுக்குப் பட்டறையில் வேலை இருக்காது. தங்கை அந்த அறையில் அடம்பிடிக்காமல் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இருந்தாள். அதுதான் முதலில் உறுத்தியது.

பழைய வீட்டில் கதவைச் சாத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள், இங்கே ஜன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அந்தக் கம்பியில் அவளுடைய ஹேர்பின்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"யாரு குட்டி இதை ஒட்ட வச்சது?"

"நான் குடுத்தேன். அவங்க பிடிச்சுக்கிட்டாங்க."

"எவங்க?"

"உனக்குத் தெரியாதுக்கா. நீதான் வேலைக்குப் போயிடுவியே."

அக்காவுக்கு மோட்டார் பட்டறையில் வேலை. சோர்ந்துபோன காந்தங்களைக் கரண்ட் பாயும் கம்பிச்சுருளான காயிலில் வைத்து மறுபடி வலுவேற்ற வேண்டும். கருவிகளில் வேண்டாமல் ஏறிய காந்தத்தை இறக்க வேண்டும். அங்கே அவளுக்குக் காந்தக்கா என்றே பெயர். சூடு பட்டால் காந்தத்தின் வலு போகும், அடி பட்டாலும் போகும். ஆனால் அதே அடி வெறும் இரும்புக்கு வலுவைக் கொடுக்கும். நிற்கிற கம்பியை அடிக்க அடிக்க, பூமியின் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் குடியேறிவிடும். இந்த ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தது ஒரு நாள், இரண்டு நாள் அடி இல்லை.

மற்ற கம்பிகளில் வைத்த ஹேர்பின் நிற்காமல் விழுந்தது. இதில் மட்டும், தரையில் உட்கார்ந்தால் தோள் வருகிற உயரத்தில், பெயின்ட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது. அவள் விரல் நுனி அதில் கச்சிதமாகப் பொருந்தியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கீழ அந்த ரூம்ல முன்னாடி யாரும்மா இருந்தாங்க?"

"யாரும் இல்லையே. தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்தோம்."

சாமான் ஓடிவிடுமென்றா வெளியே தாழ்ப்பாள் வைத்தீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால், அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்ததும் நீ ஏன் வீடு பிடித்திருக்கிறதென்று தலையாட்டினாய் என்று அந்தம்மாவும் கேட்கலாம். விழுங்கிக்கொண்டாள். படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, சத்தம் ஏதாவது கேக்குதா?"

"இல்லையே."

"கேக்காது, கேக்காது" என்று வீட்டுக்காரம்மா ஈரப் புடவையை உதறினாள்.

அன்று பட்டறையிலிருந்து காந்தம் இறக்கும் காயிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து மேஜைக்காரர் விடவில்லை.

"என்ன காந்தக்கா, பேய் ஓட்டப் போறியா?"

"ஆமா. உங்களுக்கும் ஏதாவது இருந்தா சொல்லுங்க, ஓட்டிடலாம்."

"எங்க வீட்டுல இருக்கிறதுக்கு இந்தக் காயில் பத்தாதும்மா. என்னைத்தான் அது ஓட்டிக்கிட்டிருக்கு."

சிரித்துக்கொண்டே வந்தாலும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. கம்பி சாதாரணக் கம்பியாகிவிட்டால் அறையும் சாதாரண அறையாகிவிடும். அப்புறம் நிம்மதியாகத் தாழ்ப்பாள் போடலாம்.

கரண்ட் கொடுத்துக் காயிலை அருகில் கொண்டுபோனதும் கம்பி அதிர்ந்து ரீங்கரித்தது. இரும்பு அப்படித்தான் செய்யும். தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் இது யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போலிருந்தது.

"விடுக்கா, அவங்களுக்கு வலிக்குது!" தங்கை காதை மூடிக்கொண்டாள்.

பாதியில் விட்டால் காந்தம் எஞ்சிவிடும். காயிலை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்தாள். ரீங்காரம் தேய்ந்து தேய்ந்து நின்றது. பின்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன. தங்கை அவற்றைப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலத் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே டங் என்றது. மறுபடி டங். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தங்கை டம்ளரால் கம்பியை அடித்துக்கொண்டிருந்தாள். யாரும் காட்டித் தராமலே, சரியாக அந்தப் பள்ளத்தில்.

"என்னடி பண்றே?"

"கூப்பிடுறேன்க்கா. நீ போ, நேரமாச்சு."

தெருவுக்கு வந்ததும் சத்தம் அறவே கேட்கவில்லை. அந்த ஜன்னல் இரண்டு சுவர்களுக்கு இடையே இருந்த இடுக்கைப் பார்த்தது. எழுகிற சத்தம் அதற்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். அவளுக்கு உடம்பு லேசானது. "அப்பாடா" என்றாள்.

தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நடையை நிறுத்தினாள். முன்பு அந்த அறையில் யாரையோ வைத்துத் தாழ்ப்பாள் போட்ட ஒருவர் இதே இடத்தில் தினமும் நின்றிருக்கிறார். காதைத் தீட்டிக் கேட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்றானதும் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார். கெட்டவராக இருந்திருக்க வேண்டும் என்றில்லை. நேரமாகியிருந்தால் போதும்.

வேலை போனால் போகட்டும் என்று வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்தாள்.

"வா குட்டி, வெளிய போகலாம். உனக்கு எங்க போகணுமோ அங்க போகலாம்."

திறந்த கதவைக் கண்டாலே பாய்கிறவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்துக்கா" என்றாள். "திறந்திருந்தா அவங்க வர மாட்டாங்க."