எட்டாக மடிந்த கொத்தனார்

செலியமேட்டு ஜோஸ்பின், வீடு பார்க்க ஆள் வரும்போதெல்லாம் தன் புருஷன் இன்னாசிமுத்துவை எட்டாக மடித்து பீரோவின் நடுத்தட்டில் வைத்துவிடுவாள். வைகாசியில் தொடங்கி மாசி வரைக்கும் முப்பத்தேழு தடவை அப்படி வைத்தாள். ஊரில் யாரும் இதை மறைக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. அந்தப் பத்து மாதத்தில் நெல் விலை இரண்டு தடவை இறங்கியது. ஜனங்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். மடிப்பது ஒன்றும் ஆகாத காரியமில்லை, இரண்டு பேர் இருந்தால் போதும். மடிக்கவைத்தவனை வேண்டுமானால் நாலு வார்த்தை கேட்கலாம். கேட்கத்தான் போகிறேன்.

இன்னாசிமுத்து கொத்தனார். பாகூர் சுற்றுவட்டத்தில் அவர் கரண்டி படாத சுவர் குறைவு. ஆறு நாள் ஊரார் வீட்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தன் வீட்டு வேலை. அப்படி ஒன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பியது அந்த வீடு. முந்தைய மாசியில் மதகடிப்பட்டில் ஒரு மாடிக்கடை வேலை நடந்தபோது சாரம் சரிந்து கீழே விழுந்தார். உயிர் நின்றது, வலது கால் மட்டும் பேச்சுக் கேட்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் விடாம தெனமும் கொண்டாங்க, கோல் பிடிச்சி நடக்க வெச்சிடறேன்" என்றாள். செலியமேட்டிலிருந்து தினமும் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போக அவர்களால் முடியாது. வீட்டை விற்று, ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு வீட்டைப் போக்கியத்துக்குப் பிடித்து, கையோடு கூட்டிப்போய் வருவது என்று ஜோஸ்பின் முடிவு செய்தாள். அவளுக்கு அதைத் தவிர அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை. அவர் எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். "சொவரு தானே, கால் வந்தா மறுபடி எழுப்பிக்கலாம்" என்று அவரும் சொன்னார்.

புரோக்கர் அருள்முருகன் நல்ல உழைப்பாளி, அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. வெள்ளைச் சட்டை, இரண்டு போன், ஊரில் எந்த வீட்டில் எப்போது பங்குச் சண்டை வரும் என்பது வீட்டுக்காரருக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். ஆனால் நேற்றே சொல்வது, காலையிலேயே சொல்வது என்ற பழக்கம் மட்டும் அவனிடம் கிடையாது. "அக்கா, பார்ட்டி கரிக்கலாம்பாக்கம் தாண்டிட்டாங்க, பத்து நிமிஷம்" என்பான். முதல் தடவை வந்தவர்கள் வாசல் தாண்டிக் கூடத்தில் கால் வைத்தார்கள், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்கள், செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் திரும்பிவிட்டார்கள். அருள்முருகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "படுத்த ஆளு இருக்கற வூட்ட எவன்க்கா வாங்குவான்? குடி வர்றவனும் படுத்துடுவான்னு நெனைப்பான். எங்கனா ஒதுக்கி வைங்க." மாதா படத்தையும் கழற்றச் சொன்னான். மருந்து பாட்டில், மூத்திரக் குவளை, தைலத்தின் வாசனை எல்லாம் ஒதுங்க வேண்டும், மனுஷன் வாழ்ந்த சுவடே தெரியக்கூடாது என்றான். ஒன்பது வருஷம் கல் வைத்தவரை ஒதுக்கிவைக்க அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த போன் வந்தபோது ஜோஸ்பினும் பக்கத்து வீட்டுக் காசம்மாளும் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். கட்டில் பின்கதவில் சிக்கிக்கொண்டது. வெளியே கார் நிற்கிற சத்தம் கேட்டது. பதற்றத்தில் ஜோஸ்பின் அவர் கால்களைச் சேர்த்துப் பிடித்து மார்புப் பக்கம் தள்ளினாள், அவர் முட்டியில் மடிந்தார். காசம்மாள் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தாள், இடுப்பில் மடிந்தார். எலும்பு எதுவும் தடுக்கவில்லை. கஞ்சி போட்ட வேட்டி மடிவது போல மடிந்து, மூன்றாவது மடிப்பில் ஒரு தலையணை அளவுக்கு வந்துவிட்டார். கனம் இரண்டு போர்வைக்கு மேல் இல்லை. "வலிக்குதாங்க?" என்று ஜோஸ்பின் கேட்டாள். "இல்ல, கொஞ்சம் புழுக்கமா கீது" என்று உள்ளிருந்து பதில் வந்தது. கல்யாணப் புடவைக்கும் கோயிலுக்குக் கட்டும் புடவைக்கும் நடுவில் இடம் இருந்தது, வைத்துச் சாத்தினாள். வந்தவர்கள் அரை மணி நேரம் பார்த்தார்கள், கழிவறை வாஸ்துப்படி இல்லை என்று போய்விட்டார்கள். பீரோவைத் திறந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து உதறியதும் அவர் பழையபடி நீண்டார். "ஏண்டி, இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்றாள் காசம்மாள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. போன் வந்ததும் அடுப்பை அணைப்பாள், அவருக்குத் தண்ணீர் கொடுப்பாள், மடிப்பாள், ஊதுவத்தி கொளுத்துவாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே வந்த நாட்களும் உண்டு. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவரே தலையைக் குனிந்து கொடுப்பார். மடிவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வந்தவர்கள் வீட்டைக் குறை சொன்னதைத்தான் தாங்கமாட்டார். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று எவனாவது தட்டிப் பார்த்துச் சொன்னால், பிரித்துப் போட்ட உடனே, "ஈரமா? எவன்டா அவன்? நான் பூசினதுல ஈரமா?" என்று மேல்மூச்சு வாங்குவார். ஒரு அம்மாள் கேட்காமல் கொள்ளாமல் பீரோவைத் திறந்தாள். நடுத்தட்டில் கை வைத்து, இரண்டு விரலால் தடவிப் பார்த்து, நல்ல கனமாக இருக்கிறதே, இது என்ன என்று கேட்டாள். "போர்வைங்க, மதகடிப்பட்டுச் சந்தைல எடுத்தது" என்றாள் ஜோஸ்பின். அன்றைக்குச் சாயங்காலம் அவரைப் பிரித்துப் படுக்கவைத்துவிட்டு, கட்டின புருஷனைப் போர்வை என்று சொன்ன வாயைக் கிணற்றடியில் நின்று ரொம்ப நேரம் கொப்பளித்தாள்.

எந்த நேரத்தில் யார் வருவார்களோ என்று அவரைப் பிரித்துவைக்கவே பயமாகிப்போனது. அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். ராகுகாலத்தில் மட்டும் ஒருத்தனும் வீடு பார்க்க வருவதில்லை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது, வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு. காசம்மாள் வீட்டுக் காலண்டரைப் பார்த்து எழுதிவந்து அடுப்படியில் ஒட்டிக்கொண்டாள். தினமும் அந்த ஒன்றரை மணி நேரம் அவரைக் கூடத்தில் ஜன்னல் ஓரமாகப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி காலை மடக்கி நீட்டுவாள். "இன்னாடி, வேதக்காரி ராகுகாலம் பாக்கறே" என்று காசம்மாள் கேலி செய்தாள். ஊருக்கெல்லாம் ஆகாத நேரம் அவளுக்கு நல்ல நேரமாக இருந்தது. ஆடி மாதம் இன்னும் நல்லது, முப்பது நாளும் வீட்டு வியாபாரமே கிடையாது. அந்த ஆடியில் இன்னாசிமுத்து ஒரு தடவைகூட மடியவில்லை. ஆடிப் பெருக்கு கழிந்த பத்தாம் நாள் அவருடைய வலதுகால் கட்டைவிரல் அசைந்தது. மறுபடி அசைத்துக் காட்டச் சொன்னாள். அசைத்தார். ஜோஸ்பின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவர் சிரித்தார்.

ஆவணி பிறந்ததும் வரிசை கட்டி வந்தார்கள். முகூர்த்த நாள் ஒன்றில் நாலு பார்ட்டி. நாலு தடவை மடித்து நாலு தடவை உதறினார்கள். அந்த மாதம்தான் சூசைநாதன் என்பவரும் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பேச்சே இல்லாத மனுஷன். ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், போய்விட்டார். புரட்டாசி, ஐப்பசி என்று போகப்போக இன்னாசிமுத்துவின் உடம்பில் மடிப்புக் கோடுகள் விழ ஆரம்பித்தன. முகத்தின் நடுவில் ஒன்று விழுந்தது. கஞ்சி குடித்தால் அந்தக் கோடு வழியாக ஒழுகும். முட்டியில் விழுந்ததுதான் மோசம். கோட்டுக்குக் கீழே கால் ஜில்லென்று போய்விட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஈரத்துண்டை மேலே போட்டு, இஸ்திரிப்பெட்டியை மெல்லிய சூட்டில் வைத்துத் தேய்த்தும் பார்த்தாள். முதுகு சரியானது, முட்டி சரியாகவில்லை. மடித்தால் கால் போகிறது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். மடிக்காவிட்டால் வீடு போகாது, வீடு போகாவிட்டால் கால் வராது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "இன்னும் ஒரே ஒரு பார்ட்டிக்கா, இது முடிஞ்சிடும்" என்று அருள்முருகன் ஒவ்வொரு தடவையும் சொன்னான். மார்கழியில் வியாபாரம் இல்லை, ஒரு மாதம் முழுக்க நீட்டிப் படுத்திருந்தார். கட்டைவிரல் அசையவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. நல்ல ராகுகாலம் என்று ஜோஸ்பின் தைரியமாக அவர் காலைத் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். பாகூரில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு வந்த சூசைநாதன், வழியில் ஞாபகம் வந்து, புரோக்கரிடம் சொல்லாமல் நேராக வந்து கூடத்தில் நின்றார். அவரும் கிறிஸ்துவர், அவருக்கு ராகுகாலம் ஏது? இன்னாசிமுத்து தன்னால் ஆனமட்டும் மடியப் பார்த்தார், காசம்மாள் இல்லாமல் முடியவில்லை. ஜோஸ்பின் காலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு நான் வந்தப்ப இவரு எங்க இருந்தாரு?" என்று கேட்டார் சூசைநாதன்.

"பீரோவுல" என்றாள்.

அவர் கட்டிலைச் சுற்றி வந்தார். ஜன்னல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, ஒரு ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பது போலக் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசினார். "என் சம்சாரம் நாலு வருஷமா படுக்கைல கீறாம்மா. டவுன்ல மாடி வூடு, எறக்க முடியல. படுத்த ஆளுக்குத் தோதா ஒரு தரை வூடுதான் தேடிக்கினு இருந்தேன். அன்னிக்கு வந்தப்ப வூடு காலியா பளபளன்னு இருந்துச்சி. இதுல சீக்காளிய எங்க போடறது, எப்டிப் பாக்கறதுன்னு எனக்குக் கண்ணுல வரவே இல்ல, போயிட்டேன். இவர இப்டிப் பாத்திருந்தா அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்திருப்பேன்." கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சுவரைத் தடவிப் பார்த்து, பூச்சு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஜோஸ்பினுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய், ஆவணியிலிருந்து மாசி வரை விரல் விட்டு எண்ணினாள். ஆவணியில் அந்தக் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது. அருள்முருகனைத் திட்டினாள், பார்க்க வந்த முப்பத்தேழு பார்ட்டியையும் திட்டினாள், கடைசியில் அவனுடைய பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்ட தன்னைத் திட்டிக்கொண்டாள். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். சூசைநாதன் அப்படியே குடித்தார்.

பத்திர ஆபீசுக்கு இன்னாசிமுத்துவைக் கட்டைப்பையில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள், வீடு அவர் பேரில் இருந்தது. பெஞ்சின் மேல் உதறி உட்காரவைத்தபோது, போட்டோ எடுக்கிற ஆள், முகத்தின் நடுவில் கோடு விழுகிறது, சரி செய்யுங்கள் என்றார். ஜோஸ்பின் எச்சில் தொட்டு நீவிவிட்டாள். கையெழுத்தைத் திடமாகவே போட்டார். அருள்முருகன் அங்கேயும் வந்து நின்று, முதலில் கூட்டிவந்தது நான்தானே என்று கமிஷன் வாங்கிக்கொண்டு போனான். எப்படித்தான் அந்தக் கை நீண்டதோ. பங்குனியிலேயே சூசைநாதனின் சம்சாரம் அந்த ஜன்னல் ஓரத்துக்குக் குடிவந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் போக்கியத்துக்கு வீடு கிடைத்தது. முதல் நாள் காலையில் எட்டு மணிக்கே ஜோஸ்பின் அவரைக் கொண்டுபோய்ப் பயிற்சி மேசையில் பிரித்து வைத்தாள். அந்தப் பெண் முட்டிக் கோட்டை விரலால் தடவினாள். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். "நாலு மாசம் முன்னாடி கொண்டாந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சீட்டில் ஏதோ எழுதினாள். அந்தச் சீட்டைக் காட்டி வாங்கிவந்த சக்கர நாற்காலி கூடத்தில் நிற்கிறது, அதில் இப்போது துணி காய்கிறது.

வாசல் கதவு தட்டினால் இன்னாசிமுத்து மடிந்துகொள்கிறார். யாரும் பிடிக்க வேண்டியதில்லை, தானாகவே எட்டாக மடிந்து கட்டிலின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறார். பால்காரர் தட்டினாலும் அப்படித்தான், பார்க்க வந்த காசம்மாள் தட்டினாலும் அப்படித்தான். "யாரும் வூடு பாக்க வரலங்க" என்று ஜோஸ்பின் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். "தெரியும்" என்று உள்ளிருந்து சொல்கிறார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை அப்பம் கொடுக்க வரும் பங்குச் சாமியார், ஜோஸ்பின் ஒரு முனையை மட்டும் விலக்கிப் பிடித்துக்கொள்ள, அதற்குள் தெரியும் வாயில் அப்பத்தை வைத்துவிட்டு, ஜெபம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அந்தத் தெருவில் அவருக்கு இன்னும் ஆறு வீடு இருக்கிறது.

முதலில் எல்லாம் கதவைச் சாத்திய கையோடு ஜோஸ்பின் அவரை உதறி நீட்டிவிடுவாள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், ரேஷன் கடையில் நின்றுவிட்டு வந்த அலுப்பில், சாப்பிட்டுவிட்டுப் பிரிக்கலாம் என்று விட்டாள். சாப்பிட்டதும் தூங்கிவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து பார்த்தபோது அவர் அதே இடத்தில் மடிந்து கிடந்தார். பிரிக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை, பிரி என்று அவரும் சொல்லவில்லை. தூசி படாமல் இருக்க மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.